பணத்தைப் பற்றி எழுதும் கலை

கூட்டுறவுச் சங்கங்களின் ஆண்டுப் பேரவைக் கூட்டங்களில் தவறாது நிகழும் ஒரு காரியம் உண்டு. அச்சிட்ட ஆண்டறிக்கை அங்கத்தினர்களுக்கு வழங்கப்படும். தலைவர் எழுந்து, "அறிக்கை படிக்கப்பட்டதாகக் கொள்ளலாமா?" என்று வினவுவார். முன்வரிசையிலிருந்து நாலைந்து குரல்கள், "கொள்ளலாம்" என்று எழும். தீர்மானம் நிறைவேறிவிடும். படிக்கப்படாத ஒன்றைப் படிக்கப்பட்டதாகக் கொள்வது கூட்டத்தின் நேரத்தை மிச்சப்படுத்தலாம். ஆயின், அந்த அறிக்கையில் எழுதப்பட்டிருப்பது அங்கத்தினர்களுடைய சொந்தப் பணத்தின் வரலாறு என்பதை எண்ணும்போது, இந்த வழக்கம் எத்துணை விபரீதமானது என்பது விளங்கும்.

இதற்கு நேர்மாறான காட்சியும் நம் ஊர்களிலேயே உண்டு. ஏதோ ஒரு தனியார் திட்டத்தின் துண்டுப்பிரசுரம் ஊருக்குள் வருகிறது. இத்தனை ஆயிரம் கட்டினால் மாதந்தோறும் இத்தனை ரூபாய் என்று வண்ண எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. அதனை யாரும் படிக்கப்பட்டதாகக் கொள்வதில்லை. வீட்டுக்குக் கொண்டுசென்று, பிள்ளைகளைக் கொண்டு இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்கின்றனர். பிறகு சங்கத்துக்கு வந்து வைப்புத் தொகையைத் தவணைக்கு முன்பே திருப்பிக் கேட்கின்றனர். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் இவ்வாறு எடுக்கப்பட்ட வைப்புகளின் பதிவுகளை நாம் கண்டதுண்டு. அவற்றுள் சில மீண்டும் சங்கத்துக்கு வரவேயில்லை. போன இடத்திலிருந்தும் திரும்பவில்லை.

நேர்மையான கணக்கு படிக்கப்படாமற் கிடக்க, நேர்மையற்ற பிரசுரம் மனப்பாடமாகிறது. இதற்கு அங்கத்தினர்களின் பேராசையே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மையன்று. பிரசுரத்தை எழுதியவன் எழுதத் தெரிந்தவன். நாம் அவ்வளவாக எழுதக் கற்றுக்கொள்ளவில்லை. பணத்தைப் பற்றி, படிப்போர் விரும்பும் வண்ணம் எழுதுவது ஒரு கலை. அக்கலையைச் சங்கச் செயலாளர்களும், இத்தகைய மாத இதழில் எழுதும் அன்பர்களும் பயில வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொய் எழுதும் விதம்

முதற்கண் எதிரியின் கைவேலையைப் பார்ப்போம். ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்டு பரவி, 2012-ஆம் ஆண்டில் சரிந்து விழுந்த ஈமுக் கோழித் திட்டங்களைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த அப்பறவையின் குஞ்சுகளை விவசாயியிடம் ஒப்படைப்பார்கள். விவசாயி ஒரு பெருந்தொகையை முன்பணமாகக் கட்டுவார். தீவனம் வரும், மாதந்தோறும் பராமரிப்புத் தொகை வரும், ஆண்டிறுதியில் ஊக்கத்தொகை வரும், ஒப்பந்தம் முடிந்ததும் கட்டிய முதலும் திரும்ப வரும். இதுவே திட்டம்.

இதை எழுத்துக் கலையின் நோக்கில் ஆராய்ந்தால், அதில் குறையே சொல்ல இயலாது. கண்ணால் காணத்தக்க ஒரு பொருள் இருந்தது: கொட்டகையில் நடமாடும் பறவை. விவசாயிக்குப் பழகிய தொழில் இருந்தது: தீவனம் வைப்பதும் காவல் காப்பதும். நூற்று விகிதம் இல்லை. மாதம் இத்தனை ரூபாய் என்னும் முழு எண் இருந்தது. வாசகன் தன்னையே அக்கதையின் நாயகனாகக் காண முடிந்தது.

எழுதப்படாமல் விடப்பட்டது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பறவையின் இறைச்சியை முடிவில் வாங்குவோர் யார்? நம் நாட்டில் அதற்குச் சொல்லத்தக்க சந்தை இருக்கவில்லை. முன்னவர்க்குக் கொடுத்த மாதத் தொகை பின்னவர் கட்டிய முன்பணத்திலிருந்து வந்தது. புதியவர் வருவது குறைந்தவுடன் ஊற்று வற்றியது. கவனிப்பாரற்ற பறவைகளை அரசு ஏலத்தில் விட வேண்டியதாயிற்று.

இதிலிருந்து நாம் பெறும் முதற் பாடம் இது: பணத்தைப் பற்றிய எந்த எழுத்தும், "இந்த வருமானம் எங்கிருந்து வருகிறது?" என்னும் வினாவுக்கு விடை சொல்லியாக வேண்டும். சங்கம் வைப்புக்கு வட்டி கொடுக்கிறது என்று எழுதினால் மட்டும் போதாது. அந்த வைப்பு, நடவுக்கும் நூலுக்கும் கடனாகச் செல்கிறது. கடன் வாங்கியவர் வட்டியுடன் செலுத்துகிறார். அந்த வட்டியில் ஒரு பகுதி வைப்பு வைத்தவருக்கு வருகிறது என்று எழுத வேண்டும். இவ்வாறு ஊற்றைக் காட்டி எழுதப்பட்டதைப் படித்துப் பழகிய கண், ஊற்றே காட்டாத பிரசுரத்தைக் கண்டவுடன் ஐயம் கொள்ளும். நல்ல எழுத்தின் பயன்களுள் இதுவே தலையாயது.

கையிலுள்ள காசிலிருந்து தொடங்குக

புதுக்கோட்டை சமஸ்தானம் தனக்கென ஒரு செப்புக் காசை வைத்திருந்தது. ஒரு புறம் பிரகதாம்பாள் உருவமும், மறுபுறம் தெலுங்கு எழுத்தில் விஜய என்னும் சொல்லும் பொறித்த அம்மன் காசு அது. இருபது காசு கொண்டது ஓரணா. ஆகவே ஒரு ரூபாய்க்கு 320 அம்மன் காசு. நவராத்திரியின்போது அரிசியுடன் இக்காசும் தானமாக வழங்கப்பட்டது. 1948-இல் சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணையும் வரை அது புழக்கத்தில் இருந்தது.

ஒரு ரூபாயை 320 கூறாக்கிய காசு ஏன் தேவைப்பட்டது? ஏழையின் கொடுக்கல் வாங்கல் அவ்வளவு சிறியது என்பதனால்தான். கறிவேப்பிலைக்கும் உப்புக்கும் அணாவை நீட்ட முடியாது. எழுதுவோர் மனத்தில் இருத்த வேண்டிய நுட்பம் இதில் இருக்கிறது. இலட்சங்களும் கோடிகளும் அங்கத்தினரின் கையில் புழங்குவதில்லை. அவற்றை அவர் கையில் புழங்கும் நாணயமாக மாற்றித் தர வேண்டியது எழுதுவோரின் கடமை.

உதாரணமாக, 600 அங்கத்தினர் உள்ள ஒரு சங்கத்தில் தவணை கடந்த பாக்கி 18 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 இலட்சம் என்றால் எவரும் தலையை ஆட்டிவிட்டுச் செல்வர். "ஒவ்வோர் அங்கத்தினர் பேரிலும் 3,000 ரூபாய் வெளியில் நிற்கிறது" என்று எழுதிப் பாருங்கள். கூட்டத்தில் உடனே ஒருவர் எழுந்து, "யாரிடம் நிற்கிறது?" என்று கேட்பார். அக்கேள்வி எழுந்துவிட்டால் எழுதியவரின் வேலை பாதி முடிந்தது.

வட்டியைக் காலத்தோடு காட்டுக

பணத்தைப் பற்றிய எழுத்தில் மிகக் கடினமான பொருள் வட்டியே ஆகும். ஏனெனில் அதில் காலம் மறைந்திருக்கிறது. நம் மாவட்டச் சந்தைகளில் வழங்கும் நூறு நாள் தண்டலை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பெயர். ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் கொடுக்கிறார்கள். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாட்களில் பத்தாயிரம் செலுத்த வேண்டும். "நூற்றுக்குப் பதினைந்துதானே!" என்று வாங்குபவர் எண்ணிக்கொள்கிறார்.

உண்மை அதுவன்று. எட்டாயிரத்து ஐந்நூறும் நூறு நாள் அவர் கையில் இருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே திரும்பிச் செல்லத் தொடங்கிவிடுகிறது. ஐம்பதாம் நாளில் ஐயாயிரம் திரும்பிவிட்டது. சராசரியாகப் பார்த்தால் ஏறக்குறைய பாதித் தொகையே அவரிடம் இருந்தது. அதுவும் ஓராண்டன்று, நூறே நாள். நாள்வாரியாகக் கணக்கிட்டால் இவ்வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் 120 ஆகிறது. பதினைந்து என்று எண்ணியது எங்கே, நூற்றிருபது எங்கே!

இத்தகைய கணக்கை வாய்பாடாக எழுதினால் எவரும் படியார். காலையில் பூக்கூடையுடன் கீரமங்கலம் சந்தைக்குச் செல்லும் ஒருவரின் நாட்களாக எழுதினால் யாவரும் படிப்பர். முதல் நாள் எவ்வளவு கையில், முப்பதாம் நாள் எவ்வளவு, எழுபதாம் நாள் எவ்வளவு என்று வரிசையாகக் காட்டினால், வாசகர் நாம் சொல்வதற்கு முன்பே முடிவைக் கண்டுகொள்வார். தாமே கண்டுகொண்ட முடிவை மனிதர் எளிதில் மறப்பதில்லை.

வளரும் வட்டிக்கும் எளிய வழி ஒன்று உண்டு. 72 என்னும் எண்ணை ஆண்டு வட்டி வீதத்தால் வகுத்தால், தொகை இரட்டிப்பாகும் ஆண்டுகள் ஏறக்குறைய வரும். நூற்றுக்கு 8 வீதம் கூட்டு வட்டி கிடைத்தால் ஒன்பது ஆண்டு. மாதம் நூற்றுக்கு 2 வட்டிக்குக் கடன் வாங்கி அசலும் வட்டியும் செலுத்தாது விட்டால், ஆண்டுக்கு 24; மூன்றே ஆண்டில் கடன் இரட்டிப்பு. சேமிப்பு இரட்டிப்பதற்கு ஒன்பது ஆண்டும், கடன் இரட்டிப்பதற்கு மூன்று ஆண்டும் என்னும் இவ்விரு எண்களை அருகருகே அச்சிடுவது, சிக்கனத்தைப் பற்றிய நீண்ட உபதேசத்தைவிடப் பயன் தரும்.

இவ்விதி புதியதன்று. லூக்கா பாச்சோலி என்னும் இத்தாலியத் துறவி 1494-இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலில் இது காணப்படுகிறது. இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கி அச்சில் வெளிவந்த முதல் நூல்களுள் ஒன்றாகவும் அதுவே போற்றப்படுகிறது. அந்நாளில் அறிஞர் நூல்கள் இலத்தீனில் எழுதப்பட்டன. பாச்சோலியோ வணிகர் பேசிய மொழியில் எழுதினார். கணக்கைக் கையாள்பவன் படிக்காவிட்டால் கணக்கு நூலுக்குப் பயன் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

எண்ணுக்கு உருவம் கொடுத்தோர்

நம் மொழியில் இக்கலைக்கு முன்னோடி இல்லாமலில்லை. பொருள் செயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவர், தன் கைப்பொருளைக் கொண்டு தொழில் செய்பவனின் நிலையைக் குன்றின்மேல் நின்று யானைப் போரைக் காண்பவனுடன் ஒப்பிட்டார். கடன் வாங்கித் தொழில் செய்பவன் யானைகளின் காலடியில் நிற்கிறான் என்பதைச் சொல்லாமலே நமக்கு உணர்த்திவிட்டார். முதலீட்டில் வரும் ஆபத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக எழுத இயலுமா என்பது ஐயமே.

கூட்டுறவு இயக்கமே எழுத்தின் வழியாகப் பரவிய இயக்கம். ஜெர்மனியில் கிராம மேயராக இருந்த ரெய்பைசன், கடன் சங்கங்களை அமைத்ததோடு நில்லாமல், அவற்றை நடத்தும் வகையை 1866-இல் நூலாக எழுதினார். பிற ஊரார் அதனைப் படித்துத் தத்தம் ஊரில் சங்கம் கண்டனர். சென்னை அரசாங்கத்தின் பணிப்பின்பேரில் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன், 1895-இலும் 1897-இலும் இரண்டு பெருந் தொகுதிகளாக அறிக்கை அளித்தார். அத்துணைப் பெரிய அறிக்கையின் சாரத்தை, இந்நாட்டுக்கு ஒரு ரெய்பைசனைக் கண்டறிய வேண்டும் என்னும் ஒரே கருத்தில் அவர் அடக்கினார். தொகுதிகளைப் படித்தவர் சிலரே. அந்த ஒரு கருத்து யாவர்க்கும் நினைவில் நின்றது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது.

நம் மாவட்டமே அளித்த உதாரணமும் உண்டு. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்துடன் எண்ணும் கற்பிக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஆதரவில் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி பழகினர்; 1992-ஆம் ஆண்டு மகளிர் தினத்தையொட்டி 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் மிதிவண்டியில் ஊர்வலம் வந்தனர். இதனைக் கண்டு எழுதிய பத்திரிகையாளர் சாய்நாத் அவர்களின் கட்டுரை நாடெங்கும் அறியப்பட்டது. பல ஆண்டுகள் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் இடம்பெற்றிருந்தது.

அக்கட்டுரை பெண்ணுரிமையைப் பற்றியது என்றே பலரும் கருதுவர். கூர்ந்து நோக்கினால் அது பணத்தைப் பற்றியதும் ஆகும். பேருந்துக்காகக் காத்திருந்த நேரம் மிச்சமாகிறது. விளைபொருளை அருகிலுள்ள பல ஊர்களில் விற்க முடிகிறது. தண்ணீர் எடுப்பதையும் பிள்ளைகளை அழைத்து வருவதையும் முடித்து வியாபாரத்துக்குத் திரும்ப முடிகிறது. ஒரு மிதிவண்டியில் இட்ட முதல் எவ்வாறு வருமானமாகத் திரும்புகிறது என்னும் முதலீட்டுக் கணக்கு அதனுள் இருக்கிறது. ஆயின் முதலீடு என்னும் சொல் முன்னே வந்து நிற்கவில்லை. சக்கரம் வந்து நிற்கிறது. பொருளாதாரம் மனிதர்களின் காலைப்பொழுதுக்குள் நடப்பதாக எழுதத் தெரிந்ததே அதன் வெற்றி.

இன்று தமிழில் முதலீட்டைப் பற்றிய எழுத்துக்குக் குறைவில்லை. 2005-இல் நாணயம் விகடன் தொடங்கியது, சோம. வள்ளியப்பன் அவர்களின் அள்ள அள்ளப் பணம் வரிசை நூல்கள் பங்குச் சந்தையை எளிய தமிழில் விளக்கின. இவற்றால் பயன் பெற்றோர் பலர். எனினும் மாதச் சம்பளம் பெறுபவரின் பணம் வேறு. நெசவாளர், விவசாயி ஆகியோரின் பணம் வேறு. பாவு முடிந்தால்தான் ஒருவருக்குக் கூலி. அறுவடையானால்தான் மற்றவருக்கு வரவு. மாதந்தோறும் ஒரே தொகையைச் சேமிக்கச் சொல்லும் அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. கூலியில் ரூபாய்க்கு இத்தனை காசு என்று பிடித்தம் செய்து, அரசின் பங்கும் சேர்த்துப் பெருக்கும் நெசவாளர் சேமிப்புத் திட்டம் போன்றவையே பொருந்தும். அதனை எழுத வேண்டியவர்கள் நாமே. வேறு யாரும் நமக்காக எழுதப்போவதில்லை.

ஆபத்தையும் அதே எழுத்தில் எழுதுக

இலாபத்தைப் பெரிய எழுத்திலும் ஆபத்தைச் சிறிய எழுத்திலும் அச்சிடுவது பிரசுரக்காரனின் வழக்கம். நம் எழுத்தில் இரண்டும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும்.

வங்கிகளில் வைக்கும் வைப்புக்கு, வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகத்தின் காப்பு உண்டு. 1993 முதல் ஒரு இலட்சம் ரூபாயாக இருந்த அவ்வரம்பு, 2020 பிப்ரவரியில் ஐந்து இலட்சமாக உயர்த்தப்பட்டது. கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும். ஆயின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் நேரடியாக வைக்கும் வைப்புக்கு அக்கழகத்தின் காப்பு நீள்வதில்லை. இதனைச் சங்கத்தின் இதழிலேயே எழுதலாமா என்று சிலர் தயங்கக்கூடும். எழுதத்தான் வேண்டும், எழுதிய கையோடு, அவ்வைப்புக்குக் காவலாயிருப்பவை எவை என்பதையும் எழுத வேண்டும். ஆண்டுதோறும் நடைபெறும் தணிக்கை, இலாபத்திலிருந்து சட்டப்படி ஒதுக்கப்படும் நிதி, கடனைத் தவறாது வசூலித்தல், கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் அங்கத்தினர் ஆகிய இந்நான்குமே அக்காவல். நான்காவது இல்லையேல் மற்ற மூன்றும் நாளடைவில் தளர்ந்துவிடும்.

விவசாயத்துக்கும் இதுவே விதி. தென்னையின் ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டு எழுதுவோர், 2018 நவம்பர் 16-ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயலையும் அதே பத்தியில் எழுத வேண்டும். ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கங்களில் ஓரிரவில் சாய்ந்த தென்னைக்கும் பலாவுக்கும் மாற்றாக நட்ட கன்று, காய்க்க ஆண்டுகள் பல ஆகும். அந்த இடைக்காலத்தில் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்பதைச் சொல்லாத வருமானக் கணக்கு அரைக்கணக்கே.

ஒரு வாக்கியத்தைத் திருத்திப் பார்ப்போம்

ஒரு பேரவைக் கூட்டத்தில் முதிய பெண்மணி ஒருவர் எழுந்து, "ஐயா, ஒதுக்கு நிதி என்று போட்டிருக்கிறதே, அது யாருக்காக ஒதுக்கியது?" என்று கேட்டார். "சட்டப்படி ஒதுக்கியது, அம்மா" என்று விடை வந்தது. அவர் அமர்ந்துவிட்டார். விடை பொய்யன்று, ஆனால் விடையும் அன்று. நம் அறிக்கைகளின் நடையும் இவ்வாறே இருக்கிறது. பெரும்பாலும் காணும் வாக்கியம் இது:

"தவணை கடந்த கடன் பாக்கியின் விகிதம் முந்தைய ஆண்டினும் உயர்ந்துள்ளமையின், தேவையான ஒதுக்கீடு செய்யப்பட வேண்டியதாயிற்று, ஆதலின் இவ்வாண்டு பங்கு ஈவு பரிந்துரைக்கப்படவில்லை."

இதனைப் பின்வருமாறு எழுதலாம்:

"நம் சங்கத்தில் கடன் வாங்கியவர் 400 பேர். அவர்களுள் 60 பேர் தவணை கடந்தும் செலுத்தவில்லை. வர வேண்டியது 18 இலட்சம் ரூபாய். அது வராமற்போனாலும் வைப்பு வைத்தவர்களுக்கு ஒரு ரூபாயும் குறையலாகாது என்பதற்காக, இவ்வாண்டு இலாபத்தைத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம். பங்குக்கு ஈவு இல்லாததற்குக் காரணம் இதுவே. அறுபதின்மர் செலுத்தினால் அடுத்த ஆண்டு நிலைமை மாறும்."

சொற்கள் சற்றுக் கூடியிருக்கின்றன. பொருளோ பன்மடங்கு கூடியிருக்கிறது. முதல் வாக்கியத்தில் செயப்பாட்டு வினையின் பின்னே எல்லாரும் மறைந்துகொண்டனர். இரண்டாவதில் ஆட்கள் இருக்கின்றனர், காரணம் இருக்கிறது, அங்கத்தினர் செய்யக்கூடிய காரியமும் இருக்கிறது.

உலகப் புகழ்பெற்ற முதலீட்டாளர் வாரன் பபெட், அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 1998-இல் எளிய நடை பற்றி வெளியிட்ட கையேட்டுக்கு முன்னுரை எழுதினார். ஆண்டறிக்கை எழுதும்போது தம் சகோதரிகளுக்கு எழுதுவதாகவே எண்ணிக்கொள்வதாக அதில் குறிப்பிடுகிறார். அவர்கள் அறிவுடையோர், ஆனால் கணக்கியல் வல்லுநர் அல்லர். நாமும் ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். நாள் முழுதும் தறியில் அமர்ந்து எழுந்தவர், அல்லது களையெடுத்துக் கைகழுவி வந்தவர். அவர் அறிவில் நமக்குக் குறைந்தவர் அல்லர். நூலின் எண்ணையும் மண்ணின் ஈரத்தையும் விரலால் அறிபவருக்கு நூற்று விகிதம் புரியாது என்று நினைப்பது நம் அறியாமையே. அவருக்கு இல்லாதது நேரம் ஒன்றே. அந்த நேரத்தை மதித்து எழுதுவது அவரை மதிப்பதாகும்.

செய்ய வேண்டுவன

ஒவ்வொரு சங்கத்திலும் ஆண்டறிக்கையின் முதற் பக்கத்தை இந்த முறையில் எழுதிச் சேர்க்கலாம். அதில் ஐந்து கேள்விகளுக்கு விடை இருந்தால் போதும். நம் பணம் எவ்வளவு? அது யாரிடம் இருக்கிறது? அதிலிருந்து வரும் வருமானத்தின் ஊற்று எது? வராமற்போகக் கூடியது எவ்வளவு? அங்கத்தினர் செய்ய வேண்டியது யாது? அச்சுக்குக் கொடுக்கும் முன், சங்க அலுவலகத்தில் பணிபுரியாத ஓர் அங்கத்தினரிடம் அதனை உரக்கப் படித்துக் காட்டுக. அவர் எந்த இடத்தில் "அப்படியென்றால்?" என்று கேட்கிறாரோ, அந்த இடத்தைத் திருத்துக.

வெளியிலிருந்து எந்தப் பிரசுரம் வந்தாலும் இதே ஐந்து கேள்விகளை அதனிடமும் கேட்குமாறு அங்கத்தினர்களைப் பழக்குவோம். முதலீட்டாளரின் நலன் காக்கத் தமிழ்நாட்டில் 1997-இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2019-இல் வந்தது. எனினும், சட்டம் பெரும்பாலும் பணம் போன பிறகே வீட்டு வாசலுக்கு வருகிறது. பணம் கைமாறுவதற்கு முன்பே வந்து நிற்கக்கூடியது தெளிவான எழுத்து. அவ்வெழுத்தை நம் சங்கங்களில் வளர்ப்போமாக.